உரிமை ஒருவருக்கு, பழுது ஒருவருக்கு: அம்பத்தூரிலும் ஈஸ்ட் ஹாமிலும் தவணையில் வாங்கிய பழைய கார்

அம்பத்தூரில் தவணைக்குப் பழைய கார் வாங்குகிறவர் ஆர்.சி.யில் உரிமையாளர் ஆகிறார். ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அதே ஆர்.சி.யில் ஹைபாதிகேஷன் என்று தனியே ஏறுகிறது. லண்டனில் தமிழர்கள் நிறைந்து வாழும் ஈஸ்ட் ஹாமில் அதே வயதுக் காரை ஹயர் பர்சேஸில் எடுக்கிறவர் உரிமையாளர் ஆவதில்லை. அவர் கைக்கு வரும் வி5சி பதிவேடு, தன்னை உரிமைக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று தானே சொல்லிவிடுகிறது. கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை அந்தக் கார் நிதி நிறுவனத்தின் சொத்து.

காகிதத்தை மட்டும் பார்த்தால் அம்பத்தூர்க்காரர்தான் வலுவான இடத்தில் இருக்கிறார். மூன்றாவது வாரம் எஞ்சின் உட்கார்ந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. உரிமையாளரான அம்பத்தூர்க்காரர் ஒர்க் ஷாப் பில்லையும் மாதத் தவணையையும் ஒன்றாகச் சுமக்கிறார். உரிமையாளர் அல்லாத ஈஸ்ட் ஹாம்காரர், "உங்கள் காரில் குறை இருக்கிறது, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுதுகிறார். சொந்தம் என்று பதிவானவருக்குப் பாதுகாப்பு குறைவு. சொந்தம் இல்லாதவருக்குப் பாதுகாப்பு அதிகம். இந்த முரண் எப்படி உண்டானது என்பதைத்தான் இங்கே இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறோம். இரு பக்கமும் பரவலாக உள்ள முறைகளையே எடுத்துக்கொள்வோம்: இங்கே ஹைபாதிகேஷன் கடன், அங்கே ஹயர் பர்சேஸ்.

ஒரே கையில் பிறந்த இரு சட்டங்கள்

வேறுபாட்டுக்கு முன்னால் உறவைப் பார்ப்போம். பிரிட்டனின் 1893ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தை வரைந்தவர் மெக்கன்சி சால்மர்ஸ். இளமையில் இந்திய சிவில் சர்வீஸில் இருந்தவர்; பின்னாளில் வைஸ்ராயின் குழுவில் சட்ட உறுப்பினராகவும் பணியாற்றினார். அவர் வரைந்த சட்டத்தின் 14ஆம் பிரிவுதான், சிறு மாற்றங்களோடு, இந்தியாவின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16ஆம் பிரிவாக வந்தது. பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு என்பதே இரண்டிலும் பொது விதி. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்றால், அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதே இரண்டிலும் விதிவிலக்கு.

ஆகவே தனியாள் தனியாளுக்கு விற்கும் காரில் இரு ஊர்களும் ஏறக்குறைய ஒன்றே. ஆவடியில் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய காரிலும், ஈஸ்ட் ஹாமில் தெருக்காரரிடம் வாங்கிய காரிலும் தர உத்தரவாதம் கிடையாது. விற்றவர் சொன்ன விவரம் பொய் என்று காட்டினால்தான் இருவருக்கும் வழி உண்டு. யார்டு வைத்து விற்பவரிடம் வாங்கும்போதுதான் சட்டம் இரு ஊரிலும் கண் விழிக்கிறது.

விழித்த பிறகு இரண்டும் வேறு வேறு பாதையில் நடந்தன. இந்தியச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, இந்த உள்ளார்ந்த நிபந்தனையை இரு தரப்பும் ஒப்பந்தத்தால் நீக்கிக்கொள்ள இன்றும் இடம் தருகிறது. அதனால்தான் பூந்தமல்லி யார்டில் தரும் டெலிவரி நோட்டில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரி பெரும் வேலை செய்கிறது. பிரிட்டன் 1973இலேயே நுகர்வோர் விற்பனையில் அப்படிப்பட்ட வரிகளைச் செல்லாதவையாக்கியது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் அந்தத் தடையை உறுதி செய்தது. இங்கே கையெழுத்து ஓர் உரிமையைக் கரைக்கலாம். அங்கே எத்தனை கையெழுத்து போட்டாலும் அது கரையாது.

இரண்டு ஜாகுவார்கள்

பழைய காரில் எது குறை, எது வயதின் இயல்பு? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் பத்தாண்டுக்குள் இரண்டு பதில்கள் சொல்லின. இரண்டிலும் கார் ஜாகுவார். இரண்டிலும் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் டென்னிங் பிரபு.

1965இல் முடிந்த பார்ட்லெட் வழக்கில், கிளட்சில் வேலை இருக்கிறது என்பதை விற்றவர் முன்பே சொல்லியிருந்தார். விலையும் அதற்கேற்பக் குறைந்தது. பிறகு கிளட்ச் வேலை நினைத்ததைவிட அதிகச் செலவு வைத்தது. வாங்கியவர் தோற்றார். ஓடக்கூடிய நிலையில் இருக்கும் பழைய காரில் சிறு குறைகள் வருவதை வாங்குகிறவர் எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்றது நீதிமன்றம்.

1975இல் வெளியான குரோதர் வழக்கில், 82,000 மைல் ஓடிய எட்டு வயது ஜாகுவார் 390 பவுண்டுக்கு விற்கப்பட்டது. மூன்று வாரத்தில் 2,300 மைல் சொச்சம் ஓடியதும் எஞ்சின் இறுகிப்போனது. வாங்கியவர் வென்றார். இத்தனை சீக்கிரம் எஞ்சின் போனதே, விற்ற நாளில் அது ஓட்டத் தகுதியோடு இல்லை என்பதற்குச் சான்று என்றது நீதிமன்றம். முந்தைய உரிமையாளரும் எஞ்சின் ஓய்ந்துபோயிருந்ததைச் சாட்சியமாகச் சொன்னார்.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் அம்பத்தூருக்கும் பயன்படும் அளவுகோல் கிடைக்கிறது. சொல்லி விற்ற குறைக்கும் பார்த்தாலே தெரியும் தேய்மானத்துக்கும் வாங்கியவர் பொறுப்பு. சொல்லாமல் மறைந்திருந்து உடனே வெளிப்பட்ட பெருங்குறைக்கு விற்றவர் பொறுப்பு. தேய்ந்த டயர், மங்கிய ஹெட்லைட், சத்தமிடும் சஸ்பென்ஷன் முதல் வகை. மூன்றாவது வாரத்தில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது எஞ்சின் ஆயில் பால் விட்ட தேநீர் நிறத்தில் வந்தால் அது இரண்டாம் வகை. ஹெட் கேஸ்கெட் போய்க் கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கக்கூடும் என்று மெக்கானிக் அந்த ஒரே பார்வையில் சந்தேகிப்பார்.

ஃபைனான்ஸ் கம்பெனி யார்?

இப்போது முரணின் மையத்துக்கு வருவோம். ஹயர் பர்சேஸ் பிறந்தது கடன் கொடுத்தவரைக் காக்க. 1895இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஹெல்பி வழக்கில் ஒரு பியானோவைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. தவணையில் எடுத்தவர் அதை அடகுக் கடையில் வைத்துவிட்டார். தவணை முடியும்வரை அவர் வாடகைக்காரர்தான், பியானோ கொடுத்தவருடையதே என்றது சபை. உரிமையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் தரும் தொழில் இதனால் உறுதிப்பட்டது.

அதே ஏற்பாடு சென்னையில் பெரிதாக வேர்விட்டது. 1954இல் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1978இல் சோழமண்டலம், 1979இல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் என்று வாகனக் கடனின் இந்தியத் தலைநகரம் என்று சொல்லும் அளவுக்கு இந்த ஊர் வளர்ந்தது. வங்கிகள் திரும்பிப் பார்க்காத லாரிக்காரருக்கும் பழைய வண்டிக்காரருக்கும் கடன் கிடைக்கச் செய்தது இந்தத் தொழில். அந்தப் பங்கை மறுத்துவிட்டு இந்த ஒப்பீட்டை நேர்மையாகச் செய்ய முடியாது.

பிரிட்டனில் அந்த உரிமை மெல்ல மெல்லச் சுமையும் ஆனது. ஜாரோ தொகுதியின் எம்.பி. எல்லன் வில்கின்சன் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டு ஹயர் பர்சேஸ் சட்டம், விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிய பிறகு நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பொருளைப் பறிக்கக் கூடாது என்றது. பொருளின் தரத்துக்கு, அதைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனமே பொறுப்பு என்ற கொள்கையும் அதிலேயே ஊன்றப்பட்டது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டம் அதை விரித்தது. ஒப்பந்தத்துக்கு முன் டீலர் சொல்லும் பேச்சும் நிதி நிறுவனத்தின் பேச்சாகவே கருதப்படும் என்பது அதன் 56ஆம் பிரிவு. ஹயர் பர்சேஸ் அல்லாத கடனிலும், டீலரோடு ஏற்பாடு வைத்துள்ள கடன் கொடுப்பவர் கூட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பது 75ஆம் பிரிவு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால் இது பொருந்தும்.

இந்தியாவில் கேள்வி வரியிலிருந்து எழுந்தது. தவணையில் வண்டி தரும் கம்பெனி விற்பனையாளரா, விற்பனை வரி கட்ட வேண்டுமா? சுந்தரம் ஃபைனான்ஸுக்கும் கேரள அரசுக்கும் நடந்த வழக்கில் 1965 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்புச் சொன்னது. வாடிக்கையாளர் வண்டியை டீலரிடம் வாங்குகிறார், கம்பெனி மீதித் தொகையைக் கட்டுகிறது, பிறகு பாதுகாப்புக்காக ஹயர் பர்சேஸ் பத்திரம் எழுதப்படுகிறது. ஆகவே உள்ளே இருப்பது கடன்தான் என்றது நீதிமன்றம். வரி நீங்கியது. கம்பெனி கடன் கொடுத்தவர் மட்டுமே என்ற பார்வையும் நிலைத்தது. கடன் மட்டும் கொடுத்தவரிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்க முடியாது.

இத்தனைக்கும் இந்தியாவும் பிரிட்டன் நடந்த பாதையின் வாசல்வரை போனது. சட்ட ஆணையத்தின் 20ஆவது அறிக்கை 1961இல் ஹயர் பர்சேஸுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்றது. 1972இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிறுவனத்தின் மேல் வைத்ததும், குறிப்பிட்ட பங்கு கட்டிய பிறகு பறிமுதலுக்கு நீதிமன்றத்தை நாட வேண்டும் என்றதும் அதில் இருந்தன. பழைய பொருள் என்று பத்திரத்திலேயே குறிப்பிட்டால் தர நிபந்தனை விலகும் என்ற ஓட்டையும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஒருநாளும் செயலுக்கு வரவில்லை, 2005இல் நீக்கப்பட்டது. இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு நாடாளுமன்றங்கள் ஒரே திசையில் சட்டம் இயற்றின. ஒன்று அரை நூற்றாண்டாக வேலை செய்கிறது. மற்றது வெறும் காகிதமாகவே முடிந்தது.

இதற்குப் பக்கத்தில் 2020ஆம் ஆண்டின் மேக்மா ஃபின்கார்ப் தீர்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். ஹயர் பர்சேஸ் ஒப்பந்தத்தில் எல்லாத் தவணையும் தீரும்வரை நிதி நிறுவனமே உரிமையாளர். தவணை தவறினால் வண்டியை எடுப்பது தன்னளவில் சேவைக் குறைபாடு ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். ஒப்பந்தப்படி தர வேண்டிய முன்னறிவிப்பைத் தராததற்கு மட்டும் ஒரு சிறு தொகையை இழப்பீடாக வழங்கியது. 1965இல் கேட்ட கேள்வி வேறு, 2020இல் கேட்ட கேள்வி வேறு. ஒவ்வொரு தீர்ப்பும் தன் வழக்குக்குள் நியாயமானதே. ஆனால் இரண்டின் நடுவே நிற்கும் வாங்குகிறவருக்குக் கிடைப்பது இதுதான்: வண்டியை எடுக்கும் நாளில் கம்பெனி உரிமையாளராகலாம், வண்டி பழுதாகும் நாளில் வெறும் கடன் கொடுத்தவர். பிரிட்டனில் இரண்டு நாளிலும் அது உரிமையாளரே. எடுக்கும் உரிமையும் பழுதின் சுமையும் அங்கே ஒரே கையில் இருக்கின்றன; இங்கே அவை பிரிந்துவிட்டன.

எஞ்சின் நின்ற பிறகு

ஈஸ்ட் ஹாமில் நாள்காட்டிதான் வழிகாட்டி. முதல் 30 நாளுக்குள் குறையைக் காட்டினால் காரைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தையே முடித்துக்கொள்ளலாம், கட்டிய பணமும் திரும்பும். அதன் பிறகு நிறுவனத்துக்குப் பழுது நீக்க ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அது தோற்றால் விலைக்குறைப்புக் கேட்கலாம், அல்லது காரைத் திருப்பலாம். பழுது நீக்கக் கோரும்போது ஆறு மாதம் வரை வெளிப்படும் குறை ஒப்படைத்த நாளிலேயே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் வேலை. பழுது நீக்கம் தோற்றுக் காரைத் திருப்பும்போது, முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே ஓட்டியதற்குக் கழிவு உண்டு என்பது மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமான விதி.

அம்பத்தூரில் அப்படி ஒரு நாள்காட்டி இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறை, சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற பெருந்தலைப்புகளைத் தருகிறது. வழக்குத் தொடர இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. பழுது நீக்கவோ, பணத்தைத் திருப்பவோ, இழப்பீடு தரவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் குறை விற்ற நாளிலேயே இருந்தது என்பதை மெய்ப்பிப்பது பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுகிறது. தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதற்குள் எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துவிட்டால் ஆய்வுக்கு என்ன மிஞ்சும்?

இங்கேதான் இரு ஊர்களும் எதிர்பாராமல் கைகோக்கின்றன. இரு இடத்திலும் வழக்கை வெல்வது பழுதுக்கும் பழுதுபார்ப்புக்கும் நடுவே உள்ள சில நாட்கள். அந்த நாட்களில் சார்பற்ற ஒரு மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் அறிக்கை, தேதி தெரியும் படங்கள், ஓடோமீட்டர் கணக்கு, கழற்றிய உதிரிப் பாகங்கள் ஆகியவையே வாங்கியவரின் ஆயுதங்கள். இரு இடத்திலும் மிகப் பெரிய தவறும் ஒன்றே: கோபத்தில் தவணையை நிறுத்துவது. அங்கே கடன் வரலாறு கெடுகிறது. இங்கே சிபில் மதிப்பெண் சரிகிறது, வண்டியை சீஸ் செய்ய ஆள் வருகிறார்கள். "டியூவை மட்டும் நிறுத்திடாதீங்க சார், கேஸை அப்புறம் பாத்துக்கலாம்" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இரு கண்டத்திலும் பொருந்தும் அறிவுரை.

குறைதீர்ப்பாளர் என்ற பதவியும் இரு நாட்டிலும் உண்டு. பிரிட்டனின் நிதிக் குறைதீர்ப்பாளர், நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம் தந்த பிறகு, காரின் தரத்தைப் பற்றியே விசாரிக்கிறார். காரைத் தந்தது நிதி நிறுவனம் என்பதால் எஞ்சினும் அவர் வரம்புக்குள் வருகிறது. ரிசர்வ் வங்கி 2021 நவம்பரில் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டம் 30 நாள் காத்திருப்புக்குப் பிறகு புகாரை ஏற்கிறது. ஆனால் அதன் குறைதீர்ப்பாளர் பார்ப்பது கடனின் நடத்தையை: தவறான கட்டணம், தராத என்.ஓ.சி., வசூல் முகவரின் அத்துமீறல். பதவி ஒன்று, எல்லை வேறு.

அம்பத்தூர் முந்தும் இடங்கள்

இதுவரை தராசு ஒரே பக்கம் சாய்ந்ததுபோல் தோன்றலாம். மறுதட்டிலும் கனமானவை உண்டு.

ஈஸ்ட் ஹாமில் ஒருவர் டாக்ஸி ஓட்டுவதற்காகவே கார் எடுத்தால், அவர் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்லர். 30 நாள் உரிமை அவருக்கு இல்லை. அம்பத்தூரில் கால் டாக்ஸி ஓட்டிப் பிழைக்கப் பழைய கார் எடுத்தவர் நுகர்வோரே. சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் தேடுவதற்காக மட்டும் வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று இந்தியச் சட்டத்தின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. தவணையில் வாங்கினாலும் நுகர்வோரே என்பதும் வரையறைக்குள்ளேயே இருக்கிறது. கார் பழுதானால் அன்றாடச் சோறே நின்றுவிடும் மனிதரை அணைத்துக்கொள்வதில் இந்தியச் சட்டத்தின் நெஞ்சு பெரிது.

இடமும் செலவும் இன்னொரு அனுகூலம். வாங்கியவர் எங்கே குடியிருக்கிறாரோ, எங்கே வேலை பார்க்கிறாரோ அங்கேயே புகார் தரலாம். 2018இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது அம்பத்தூர் வட்டம் சென்னையோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் நிலைத்தன. ஆகவே பெங்களூரில் போய்க் கார் வாங்கிய ஆவடிக்காரரும் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கார் விலை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தோற்ற டீலர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். ஆய்வு தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்திலும், ஆய்வு தேவைப்படுவது ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கெடு நடைமுறையில் பெரும்பாலும் தவறுகிறது என்பதுதான் இந்த நல்ல கட்டமைப்பின் வலி.

காரின் கடந்த காலம்

தகராறு வந்த பிறகு வரும் உரிமையைவிட, வாங்கும் முன் தெரியும் உண்மை மலிவானது. இதில் பிரிட்டன் வெகு தூரம் முன்னே நிற்கிறது. மூன்று வயதான ஒவ்வொரு காரும் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்குப் போகிறது, அன்றைய மைல் கணக்கும் கண்ட குறைகளும் பதிவாகின்றன. பதிவெண்ணைத் தட்டினால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஓடோமீட்டரைப் பின்னுக்குத் தள்ளினால் அடுத்தடுத்த ஆண்டுகளின் எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே பரிவாகன் தளத்தில் கடன், காப்பீடு, தகுதிச் சான்று போன்றவை தெரிகின்றன. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்த வெள்ளத்தில் நின்றது என்பவை தெரிவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பகுதிகளில் தண்ணீர் புகுந்ததை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. அந்தத் தண்ணீரில் நின்ற கார்களும் ஒருநாள் பாலிஷ் போட்டு யார்டுக்கு வரக்கூடும். அவற்றைக் காட்டிக்கொடுப்பவை சிறு சான்றுகளே. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி ஓரடியில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். முன்சீட்டைப் பின்னே தள்ளி, சீட் நகரும் தடத்தின் போல்ட்டுகளைக் கைவிளக்கால் பாருங்கள். மேலே புதுசாக மின்னும் காரில் கீழே துரு ஏறியிருந்தால் காரணம் கேளுங்கள். ஸ்பேர் வீல் குழியில் விரலை விட்டுத் தடவுங்கள். வண்டல் மண் கையில் ஒட்டினால் அந்தக் காரின் கதை தெரிந்துவிடும்.

டீலரைப் பதிவுக்குள் கொண்டுவருவதில் இந்தியாவும் நகர்ந்திருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்ட 29, 30ஆம் படிவங்களோடு கார் கைமாறிக்கொண்டே போக, ஆர்.சி.யில் பழைய பெயரே நிற்பது நெடுநாள் நோய். பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவு உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 டிசம்பரில் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் செயலுக்கு வந்த விதிகள், பழைய வாகன டீலர் அங்கீகாரம் பெற வேண்டும், தன் கையில் இருக்கும் வண்டிக்குத் தானே உரிமையாளராகக் கருதப்படுவார் என்கின்றன. அங்கீகாரம் உள்ளவரிடம் வாங்குவது, பின்னால் யார் மீது வழக்குப் போடுவது என்ற தேடலை முன்பே முடித்துவிடுகிறது.

கடனின் விலையிலும் இரு நாடுகளும் அண்மையில் வெளிச்சம் தேடின. 2024 அக்டோபர் 1 முதல் இங்கே சில்லறைக் கடன் தரும் நிறுவனங்கள், எல்லாக் கட்டணமும் அடங்கிய ஆண்டு வீதத்தை முக்கிய விவரத் தாளில் காட்டியே ஆக வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஒரு பழைய சுசுகி காரின் கடனில் மொத்தக் கடன் செலவில் 55 சதவீத அளவுக்கு டீலருக்குக் கமிஷன் போயிருந்ததைக் கண்டு, அந்த உறவு நியாயமற்றது என்றது. இங்கே நாம் வாங்கியவர் கட்டுவதைத் திறந்து காட்டச் சொல்கிறோம். அங்கே கம்பெனி டீலருக்குக் கொடுத்ததையும் திறந்து பார்க்கிறார்கள்.

தராசு எங்கே நிற்கிறது

இரண்டையும் எடைபோட்டால் கிடைப்பது இதுதான். வாசல் திறப்பதில் இந்தியா சிறந்தது: கட்டணம் குறைவு, ஊர் அருகில், வாழ்வாதார ஓட்டுநருக்கும் இடம். வாசலுக்கு உள்ளே யாரைக் கூப்பிடலாம் என்பதில் பிரிட்டன் சிறந்தது: டீலரோடு சேர்ந்து லாபம் பார்த்த நிதி நிறுவனமும் பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் நம் வாசலை எடுத்துக்கொள்ளலாம். யாரைக் கூப்பிடலாம் என்ற அவர்கள் பட்டியலை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை வாங்குகிறவர் கையில் இருப்பது எழுத்து. டீலர் வாயால் சொன்ன கிலோமீட்டர், விபத்தில்லை என்ற உறுதி, எஞ்சின் வாரண்டி ஆகியவற்றை அவர் லெட்டர்ஹெட்டிலேயே எழுதி வாங்க வேண்டும். 'உள்ளது உள்ளபடி' என்ற வரி இருந்தால் கையெழுத்துக்கு முன் அடித்துவிடச் சொல்ல வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பே ஒரு தகவல். கடனை டீலரே ஏற்பாடு செய்து, கடன் தொகையும் நேரே டீலர் கணக்குக்குப் போயிருந்தால், புகாரில் நிதி நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஆணையம் அதை ஏற்காமலும் போகலாம். ஆனால் கேட்காத வாதம் ஒருநாளும் சட்டமாகாது. தேசிய ஆணையம்வரை போகும் வழக்குகள்தான் பாதை போடுகின்றன.

சட்டத்தை மாற்றக்கூடியவர்கள் செய்ய வேண்டியது பெரிதல்ல. டீலரின் மேசையிலேயே கடன் விண்ணப்பத்தை வைத்து, டீலர் கணக்குக்கே பணத்தை அனுப்பும் நிறுவனம், கடன் தொகை அளவுக்காவது காரின் மறைந்த குறைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்ற ஒரு பிரிவு போதும். அதனால் வட்டி சிறிது ஏறலாம் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அந்தப் பொறுப்பு வந்தால் கம்பெனியே கடன் தரும் முன் காரைச் சோதிக்கும், ஏமாற்றும் டீலரைப் பட்டியலிலிருந்து நீக்கும். அம்பத்தூரின் தனி மனிதர் ஒருவரால் செய்ய முடியாத காவலை, நூறு டீலர்களை அறிந்த நிறுவனம் எளிதில் செய்யும். 1972இல் நம் நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்ட கொள்கை இது. வண்டியை எடுத்துச் செல்லும் உரிமையை யார் வைத்திருக்கிறாரோ, அவர் வண்டியின் பழுதுக்கும் பங்குதாரர் ஆக வேண்டும். பழைய கார் வாங்குகிறவருக்கு நாம் தர வேண்டிய முதல் நியாயம் அதுதான்.